படிவம் சிவப்பில் மறுக்கும்போது, புதிய யன்னல் திறக்கும்போது: நிகழ்நிலை விண்ணப்பங்களை நிரப்புவது பற்றி

கட்டுகஸ்தோட்டைக்கும் அதன் அயல் ஊர்களுக்கும் திரும்பி வந்துள்ள குடும்பங்களுக்கு முதல் சில மாதங்களில் படிவ வேலை அதிகம். முன்னர் இவை எல்லாம் தாளில் நடந்தன. கிராம உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்கி, பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்று, பிழை இருந்தால் மேசைக்கு அப்பால் இருக்கும் உத்தியோகத்தர் பேனையால் வட்டமிட்டுத் திருப்பித் தருவார். இப்போது பிறப்புச் சான்றிதழின் பிரதி, கடவுச்சீட்டு, பொலிஸ் சான்றிதழ், வரி செலுத்துநர் இலக்கம் போன்றவற்றுக்கு இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்க முடிகிறது. வட்டமிடும் அந்த உத்தியோகத்தரின் வேலையில் ஒரு பகுதியைப் படிவமே செய்கிறது. ஆனால் ஒரு பகுதியைத்தான் செய்கிறது. எந்தப் பகுதி என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் உங்கள் பணமும் நாட்களும் மிச்சமாகும்.

எங்கள் உதவி மேசைக்கு வருபவர்களில் பலர் "படிவம் எடுக்குதில்ல" என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். அவர்களுடைய சிக்கலைப் பெரும்பாலும் அன்றைக்கே தீர்த்துவிடலாம். எங்களுக்குக் கவலை தருபவர்கள் "எல்லாம் எடுத்துட்டுது, அனுப்பியாச்சு" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, மூன்று மாதம் கழித்துத் திரும்பி வருபவர்கள்.

படிவம் எதைப் பார்க்கிறது

நீங்கள் எழுதியதைப் படிவம் இரண்டு இடங்களில் சரிபார்க்கிறது. முதலாவது சோதனை உங்கள் கைபேசியிலோ கடைக் கணினியிலோ நடக்கும். நட்சத்திரக் குறியிட்ட கூடு வெறுமையாக இருந்தாலோ, தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தாலோ, மின்னஞ்சல் முகவரி முழுமையாக இல்லாவிட்டாலோ உடனே சிவப்பில் ஒரு வரி தோன்றும். இரண்டாவது சோதனை நீங்கள் அனுப்பிய பிறகு திணைக்களத்தின் கணினியில் நடக்கும். இந்த எண்ணில் ஏற்கனவே விண்ணப்பம் உண்டா, அடையாள அட்டை எண் பதிவில் உள்ளதா என்பன அங்கேதான் பார்க்கப்படும். அதனால்தான் முதற் பக்கம் பிரச்சினையின்றிப் போய், "அனுப்பு" அழுத்திய பின்னர் மறுபடி சிவப்பு வருகிறது.

இரண்டாவது சோதனையில் மறுக்கப்பட்டுப் பக்கம் திரும்பி வரும்போது பெயர், முகவரி போன்றவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். இணைத்த படமும் கடவுச்சொல்லும் அநேகமாக அழிந்திருக்கும். பாதுகாப்புக்காக அவற்றை உலாவி தானாக மீண்டும் நிரப்பாது. சிவப்பு வரியை மட்டும் திருத்திவிட்டு உடனே அனுப்பினால், இந்த முறை "படம் இல்லை" என்று மறுக்கும். ஒவ்வொரு தடவையும் இணைப்புகளைத் திரும்பப் பாருங்கள்.

செய்தி ஆங்கிலத்தில் வந்தால் பயப்படத் தேவையில்லை. திரும்பத் திரும்ப வருவது நாலைந்து சொற்கள்தான். "ரிக்குவயர்ட்" என்றால் கட்டாயம் நிரப்ப வேண்டியது. "இன்வலிட்" என்றால் எழுதிய வடிவம் பொருந்தவில்லை. உங்கள் ஆவணம் செல்லாது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு தாய் தன் அடையாள அட்டையே இரத்தாகிவிட்டது என்று நினைத்து அழுதுகொண்டு வந்தார். எண்ணுக்கு நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது, அவ்வளவுதான். "ஒல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்" என்றால் அதே விபரம் முன்னரே பதிவாகியுள்ளது. "செஷன் எக்ஸ்பயர்ட்" என்றால் நீண்ட நேரம் எதுவும் செய்யாததால் தொடர்பு முடிந்துவிட்டது, திரும்ப உள்நுழைய வேண்டும். இதற்காகவே, ஆவணங்கள் எல்லாவற்றையும் மேசையில் விரித்து வைத்த பிறகு படிவத்தைத் திறப்பது நல்லது. பாதியில் வீட்டுக்கு ஆள் அனுப்பி அட்டை எடுத்து வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடும்.

எந்தக் கூட்டில் சிவப்பு என்று தெரியாவிட்டால் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் பாருங்கள். கைபேசித் திரையில் பிழை இருக்கும் கூடு கண்ணுக்கு எட்டாமல் மேலே இருக்க, நீங்கள் கீழே நின்று "அனுப்பு" பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பீர்கள்.

அடையாள அட்டை எண்

பழைய அட்டைகளில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் எண்கள் 12 இலக்கம் கொண்டவை, எழுத்து கிடையாது. இரண்டும் செல்லுபடியானவை. படிவம் மறுத்தால் முதலில் இடைவெளி, சிறிய எழுத்து, பூச்சியத்துக்குப் பதில் "ஓ" ஆகிய மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

சில படிவங்கள் 12 இலக்கத்தை மட்டுமே ஏற்கும். பழைய எண்ணை மாற்றும் முறை எளிது: முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டு, மீதி நான்கு இலக்கங்களை எழுதி, எழுத்தை விட்டுவிட வேண்டும். ஆனால் படிவம் பழைய வடிவத்தை ஏற்குமானால் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். மற்ற ஆவணங்களோடு ஒப்பிடும்போது அதுவே சிக்கல் இல்லாதது.

இந்த எண்ணுக்குள் உங்கள் பிறந்த நாளும் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்த மூன்று இலக்கம், அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 1985 மே 12 அன்று பிறந்த ஆணின் எண் 85133 என்று தொடங்கும், பெண்ணின் எண் 85633 என்று தொடங்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுவார்கள். இதைத் தெரியாமல் செய்யப்பட்ட ஒரு படிவம், மார்ச் மாதத்துக்குப் பின் பிறந்தவருக்கு மே 12 என்பதை மே 13 என்று ஒரு நாள் தள்ளிக் காட்டக்கூடும். பிறகு "பிறந்த திகதி பொருந்தவில்லை" என்று உங்களையே மறுக்கும். பிழை படிவத்துடையதுதான். ஆனாலும் அதைச் சமாளிக்கப் பிறந்த திகதியை ஒரு நாள் மாற்றி எழுதிவிடாதீர்கள். திரையைப் படம் எடுத்துக்கொண்டு உரிய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள்.

சிவப்பு வராத பிழை

திகதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கும் தமிழ்நாட்டிலும் நாம் கையால் எழுதும்போது நாளை முதலிலும் மாதத்தை இரண்டாவதாகவும் எழுதுகிறோம். கணினியின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக அமைக்கப்பட்டிருந்தால் திகதிக் கூட்டில் மாதம்தான் முதலில் இருக்கும். கடைக் கணினிகள் பல அப்படித்தான் இருக்கின்றன. 25.07.2012 என்று எழுத முயன்றால் 25 ஆவது மாதம் இல்லை என்பதால் படிவம் மறுக்கும். அது அதிர்ஷ்டம். 04.07.2012 என்று எழுதினால் எந்த மறுப்பும் வராது. யூலை 4 அன்று பிறந்த பிள்ளை ஏப்ரல் 7 அன்று பிறந்ததாகப் பதிவாகும்.

எங்களிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இதுவே நடந்தது. பிள்ளையின் பாடசாலைப் பதிவில் ஒரு திகதி, மருத்துவ அட்டையில் அதே திகதி, நிகழ்நிலையில் நிரப்பிய விண்ணப்பத்தில் மட்டும் வேறு திகதி. யாரும் பொய் சொல்லவில்லை. தகப்பன் சரியாகச் சொன்னார், கடைத் தம்பி சரியாகவே அடித்தார். கூட்டின் ஓரத்தில் மங்கலாக இருந்த மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையை இருவரும் பார்க்கவில்லை. திருத்துவதற்கு அந்தத் தகப்பன் கூலி நாட்கள் ஆறை இழந்தார்.

ஆகவே திகதியை அடித்த பிறகு, பக்கத்தில் உள்ள நாட்காட்டிப் படத்தை ஒருமுறை தொடுங்கள். மாதத்தின் பெயர் எழுத்தில் தெரியும். யூலை என்று இருக்கிறதா என்று அங்கே பார்க்கலாம். நாட்காட்டியில் 1960களுக்குப் பின்னோக்கிப் போக மாதம் மாதமாக அழுத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆண்டைத் தொட்டால் ஆண்டுகளின் பட்டியல் வரும்.

படிவத்துக்கு வடிவம்தான் தெரியும், உங்கள் வாழ்க்கை தெரியாது. பத்து இலக்கம் உள்ளதா என்று பார்க்கும், அந்த எண் உங்களுடையதா என்று பார்க்காது. எழுத்துகள் உள்ளனவா என்று பார்க்கும், அது உங்கள் பெயரா என்று பார்க்காது. பச்சை அடையாளம் வந்துவிட்டது என்றால் வடிவம் பொருந்துகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்

பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயரை எழுதுங்கள். இந்தியாவில் வழங்கப்பட்ட ஆவணங்களில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, புள்ளியோடு நிற்கும். இங்குள்ள படிவங்கள் சில புள்ளியையே ஏற்காது. அப்போது புள்ளியை விட்டு, எழுத்துக்கும் பெயருக்கும் இடையில் ஓர் இடைவெளி விடுங்கள். படிவம் முழுப்பெயர் கேட்டால் முதலெழுத்தை விரித்து எழுத வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பிள்ளைக்கு "குடும்பப் பெயர் கட்டாயம்" என்று படிவம் வற்புறுத்தினால், யாருடைய பெயரையாவது போட்டு நிரப்பிவிடாமல் நிறுத்தி, அலுவலகத்தில் கேளுங்கள்.

தமிழில் பெயர் கேட்கும் கூட்டில் வேறொரு பொறி இருக்கிறது. அச்சு வேலை செய்யும் கடைகளில் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் உண்டு. பாமினியில் அடித்தால் கடதாசியில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அதை இணையப் படிவத்தில் ஒட்டினால் உங்கள் பெயர் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாகப் பதிவாகும். எழுத்துகள்தானே என்று படிவம் அதை ஏற்றும் கொள்ளலாம். யூனிகோட்டில் அடிக்கச் சொல்லுங்கள். கைபேசியின் தமிழ் விசைப்பலகை யூனிகோட்தான்.

கைபேசியில் இன்னொன்றையும் கவனியுங்கள். சொல்லை அதுவே முடித்துத் தரும்போது கடைசியில் ஓர் இடைவெளி விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிக்காக மின்னஞ்சல் முகவரி மறுக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றினால், கூட்டின் முடிவில் விரலை வைத்து ஒருமுறை பின்னோக்கி அழியுங்கள்.

ஊரின் பெயர் பட்டியலில் இல்லாதபோது

மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு என்று மூன்று பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேலே உள்ளதைத் தெரிவு செய்தால்தான் கீழே உள்ளது நிரம்பும். கீழ்ப் பட்டியல் வெறுமையாக இருந்தால் அது பழுது அல்ல, மேலே தெரிவு முடியவில்லை என்று பொருள். நடுவில் திரும்பிப்போய் மாவட்டத்தை மாற்றினால் மற்ற இரண்டும் அழிந்துவிடும்.

கண்டி மாவட்டத்தில் 20 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. அவற்றில் கட்டுகஸ்தோட்டை என்ற பெயரில் ஒன்று இல்லை. கட்டுகஸ்தோட்டை ஊரின் பெயர், தபால் நிலையத்தின் பெயர், மாத்தளைக்குப் போகும் ரயில் பாதையில் ஒரு நிலையத்தின் பெயர். ஏ9 வீதியில் பஸ் நடத்துநர் சத்தமிடும் பெயரும் அதுதான். நிர்வாகப் பிரிவோ உங்கள் வீடு எந்தப் பக்கம் உள்ளது என்பதைப் பொறுத்து ஹாரிஸ்பத்துவவாக இருக்கலாம், பாத்ததும்பறையாக இருக்கலாம், கண்டி நகரை உள்ளடக்கிய கங்கவட்ட கோறளையாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைச் சில பட்டியல்கள் கண்டி என்று தொடங்கும் நீண்ட பெயரிலும் சில பட்டியல்கள் கங்கவட்ட என்றும் போடும். ஆகவே இரண்டு எழுத்துகளிலும் தேடுங்கள். ஊகித்துத் தெரிவு செய்ய வேண்டாம். கிராம உத்தியோகத்தரிடம் பிரிவின் பெயரையும் எண்ணையும் ஒரு துண்டில் எழுதி வாங்கி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். தவறான பிரிவைத் தெரிவு செய்தால் உங்கள் விண்ணப்பம் உங்களைத் தெரியாத வேறொரு உத்தியோகத்தரின் மேசைக்குப் போய்த் தூங்கும்.

தபால் குறியீட்டுக்கு 20800 என்று எழுதலாம். இலங்கையில் அது ஐந்து இலக்கம். இந்தியாவில் ஆறு இலக்கம் என்பதால், முந்தைய முகவரி கேட்கும் இடத்தில் அங்குள்ள எண்ணை எழுதினால் சில படிவங்கள் மறுக்கும்.

இதைவிடக் கடினமானது பிறந்த இடம். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்குப் படிவம் "பிறந்த மாவட்டம், கட்டாயம்" என்று கேட்கும். பட்டியலைத் திறந்தால் இலங்கையின் 25 மாவட்டங்கள் மட்டும். இராமநாதபுரமோ திருச்சிராப்பள்ளியோ அதில் இல்லை. எதையாவது தெரிவு செய்யாமல் அடுத்த பக்கம் போக விடாது. பக்கத்தில் இருப்பவர் "மன்னார்னு போடுங்க, யாரு பாக்கப் போறா" என்பார். போட்டால் படிவம் உடனே ஏற்கும்.

அதைச் செய்யாதீர்கள். படிவத்தின் முடிவில் "மேலே உள்ள விபரங்கள் உண்மையானவை" என்று நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். கட்டாயப்படுத்தியது பட்டியல்தான் என்றாலும், பொய்யான கூற்றுக்குப் பொறுப்பு உங்கள் பெயரில்தான் நிற்கும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ்ப் பிறப்பைப் பதிவு செய்து பிரஜாவுரிமைச் சான்றிதழ் பெற வேண்டியுள்ளது. அந்தப் பிள்ளை மன்னாரில் பிறந்ததாக இன்னொரு பதிவில் இருந்தால் எந்தப் பதிவை நம்புவது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வி பிள்ளையின் அடையாள அட்டை வரை பின்தொடரும். முதலில் பட்டியலின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் "வெளிநாடு" அல்லது "ஏனையவை" என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில படிவங்களில் "இலங்கைக்கு வெளியே பிறந்தவர்" என்று முன்பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அதில் அடையாளமிட்டால்தான் பட்டியல் மாறும். எதுவும் இல்லையென்றால் அந்த விண்ணப்பத்தை நிகழ்நிலையில் செய்ய வேண்டாம். திரையைப் படம் எடுத்து, தாள் படிவத்துக்காக உரிய அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

தொலைபேசியும் இணைப்புகளும்

இலங்கைக் கைபேசி எண் 07 என்று தொடங்கிப் பத்து இலக்கம். கூட்டின் முன்னால் 94 என்று ஏற்கனவே இருந்தால் முதல் பூச்சியத்தை விட்டு ஒன்பது இலக்கம் எழுத வேண்டும். இந்திய எண்ணையோ முகாமில் இருந்தபோது வைத்திருந்த சிம்மின் எண்ணையோ கொடுத்தால், இரகசிய எண் அந்தச் செயலிழந்த சிம்முக்குப் போகும். அதன் பிறகு கணக்கைத் திறக்க உங்களால் முடியாது. கடைக்காரரின் எண்ணையும் கொடுக்க வேண்டாம். நீங்கள் கொடுக்காமலே அது வந்துவிடுவதும் உண்டு: கடைக் கணினியின் உலாவி முன்பு அடித்த எண்ணையும் முகவரியையும் தானாகவே நிரப்பிவிடும். வடிவம் சரி என்பதால் சிவப்பு வராது. வயதானவர்களுக்காக நிரப்பும்போது வீட்டில் நிரந்தரமாக இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள்.

படங்களுக்கு அளவெல்லை இருக்கும். கைபேசியில் எடுத்த படம் பொதுவாக அந்த எல்லையைத் தாண்டும். கடையில் அளவைக் குறைத்து ஜேபெக் கோப்பாகத் தரச் சொல்லுங்கள். குறைத்த பிறகு எழுத்து வாசிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான சான்றிதழையும் படிவம் ஏற்கும். உத்தியோகத்தர் ஏற்கமாட்டார்.

புதிய யன்னல்கள்

இனி, பலரைக் குழப்பும் மற்ற விடயம். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தும்போது அடுத்த பக்கம் எங்கே திறக்க வேண்டும் என்பதை அந்த இணையத்தளத்தைச் செய்தவர் முன்கூட்டியே தீர்மானித்திருப்பார். அதே யன்னலில் திறக்கலாம், அல்லது புதிய யன்னலில் திறக்கலாம். புதியதில் திறந்தால் பழையது பின்னால் அப்படியே நிற்கும்.

இதனால் வரும் முதல் சிக்கல் இரட்டை விண்ணப்பம். "அனுப்பு" அழுத்துகிறீர்கள். பற்றுச்சீட்டு பின்னால் ஒரு புதிய யன்னலில் திறக்கிறது. முன்னால் நிரப்பிய படிவம் அசையாமல் நிற்கிறது. போகவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துகிறீர்கள். இரண்டு விண்ணப்பம், இரண்டு இலக்கம், சில வேளை இரண்டு கட்டணம். ஒருமுறை அழுத்திய பிறகு கையை எடுத்துவிட்டு, வேறு யன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கணினியில் திரையின் மேல்வரிசையில் அல்லது அடிப்பட்டையில் தெரியும். கைபேசியில் குரோம் உலாவியின் மேல் மூலையில் ஒரு சிறிய சதுரத்துக்குள் எண் இருக்கும். அது ஒன்றிலிருந்து இரண்டாகியிருந்தால் புதிய பக்கம் அங்கே உள்ளது.

இரண்டாவது சிக்கல் இதற்கு மறுபக்கம். "அச்சிடு" பொத்தானை முதல் தடவை அழுத்தியபோது புதிய யன்னல் வந்தது, பார்த்தீர்கள், மூடாமல் பழையதுக்கு வந்துவிட்டீர்கள். பிறகு அழுத்தினால் ஒன்றும் நடப்பதாகத் தெரியவில்லை. உண்மையில் நடக்கிறது. சில இணையத்தளங்கள் அந்த யன்னலுக்கு ஒரு பெயர் வைத்திருக்கும். அந்தப் பெயரில் ஏற்கனவே ஒன்று திறந்திருந்தால் புதிதாகத் திறக்காமல், பின்னால் உள்ள அதையே புதுப்பிக்கும். பின்னால் போய்ப் பாருங்கள், அல்லது அதை மூடிவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

மூன்றாவது, யன்னலே வராதது. விளம்பரத் தொல்லைக்காக உலாவிகள் தாமாகத் திறக்கும் சிறு யன்னல்களைத் தடுக்கின்றன. அரசாங்கப் பற்றுச்சீட்டும் அதில் மாட்டிக்கொள்ளும். கணினியில் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட சிறிய படம் தோன்றும். அதை அழுத்தி, அந்த இணையத்தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கைபேசியில் "பொப்-அப் தடுக்கப்பட்டது" என்ற அறிவித்தல் வரும். முகநூலுக்குள் இருந்தபடி ஓர் இணைப்பைத் தொட்டால் அது முகநூலின் உள் உலாவியில் திறக்கும். அங்கே புதிய யன்னல்களும் கோப்பு இணைப்பும் சரியாக வேலை செய்யாமல் போவதுண்டு. மூன்று புள்ளிகளை அழுத்தி, வெளி உலாவியில் திறக்கச் செய்யுங்கள்.

ஒரே படிவத்தை இரண்டு யன்னல்களில் திறந்து, ஒன்றில் அண்ணனுக்கும் மற்றதில் தங்கைக்கும் நிரப்புவது நேரத்தை மிச்சப்படுத்துவது போலத் தோன்றும். இணையத்தளம் பெரும்பாலும் இரண்டையும் ஒரே ஆள் என்றே நினைக்கும். அண்ணனின் படம் தங்கையின் விண்ணப்பத்தில் ஏறிவிடலாம். ஒருவருடையதை முடித்து, வெளியேறி, அதன் பின் அடுத்தவருடையதைத் தொடங்குங்கள். படிவத்தின் நடுவில் மொழியை மாற்றுவதும் நிரப்பியதை அழித்துவிடக்கூடும். மொழியைத் தொடக்கத்திலேயே தெரிவு செய்யுங்கள்.

கட்டணம் செலுத்தும் யன்னல்

கட்டணத்துக்கு வங்கியின் பக்கம் திறக்கும். எஸ்.எம்.எஸ்ஸில் வரும் இரகசிய எண்ணை அங்கே அடித்த பின்னர், அது தானாகத் திரும்பி விண்ணப்பப் பக்கத்துக்கு வரும்வரை மூடவோ பின்செல்லவோ வேண்டாம். இடையில் மின்சாரமோ சிக்னலோ போய்விட்டால் உடனே மறுபடி செலுத்தாதீர்கள். முதலில் வங்கியின் எஸ்.எம்.எஸ் வந்துள்ளதா என்று பாருங்கள். பணம் கழிந்திருந்தால் விண்ணப்ப இலக்கத்தோடு திணைக்களத்தைத் தொடர்பு கொள்ளுங்கள்.

எந்தப் புதிய யன்னல் திறந்தாலும் மேலே உள்ள முகவரியை வாசியுங்கள். அரசாங்க இணையத்தளத்தின் பெயர் ஜிஓவி, புள்ளி, எல்கே என்று முடியும். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் அப்படி முடிய வேண்டும். அந்த எழுத்துகள் நடுவில் எங்கேயோ இருப்பது போதாது. நிவாரணம், வீட்டுத்திட்டம் என்று வட்ஸ்அப்பில் சுற்றும் இணைப்புகள் வேறு பெயரில் முடிந்தால், படிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடையாள அட்டை எண்ணையோ வங்கிக் கணக்கையோ எழுத வேண்டாம். போலிப் படிவமும் சிவப்பில் மறுக்கும், நட்சத்திரக் குறி போடும். அதை வைத்து உண்மையானது என்று நம்பிவிடக் கூடாது. இரகசிய எண்ணைத் தொலைபேசியில் கேட்பவர் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டாம். எங்கள் அமைப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.

கடையை விட்டு எழும்ப முன்

அனுப்ப முன்னர் பெரும்பாலான படிவங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் மீள்பார்வைக்குக் காட்டும். கடைத் தம்பி அவசரத்தில் அதைத் தாண்டப் பார்ப்பார். "தம்பி, அனுப்புறதுக்கு முன்னுக்கு ஒரு தடவ காட்டுங்க" என்று கேளுங்கள். நீங்கள் ஆவணத்தை வாசிக்க, அவர் திரையை வாசிக்கட்டும். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிப்போங்கள்.

அனுப்பிய பின்னர் விண்ணப்ப இலக்கம் திரையில் வந்தால்தான் வேலை முடிந்தது. அதைப் படம் எடுத்து, கொப்பியிலும் எழுதுங்கள். பி.டி.எப் பற்றுச்சீட்டைக் கடைக் கணினியில் விட்டுவராமல் உங்கள் கைபேசிக்கு அனுப்பி, பின் கணினியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி, பின்னால் நிற்பவை உட்பட எல்லா யன்னல்களையும் மூடுங்கள்.

படிவம் திரும்பத் திரும்ப மறுத்தாலோ உண்மையை எழுத இடமே தராவிட்டாலோ, நிகழ்நிலையை விட்டு அலுவலகத்துக்குப் போகலாம். கண்டியில் நிர்வாக மொழி சிங்களமாக இருந்தாலும், அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையின்படி உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. எந்த அலுவலகம், என்ன ஆவணம் என்று முன்கூட்டியே அறிய அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்ற எண்ணுக்கு அழைத்துத் தமிழில் கேட்கலாம். சிவப்பு வரி தெரியும் திரையின் படத்தைக் கைபேசியில் வைத்திருங்கள். "படிவம் எடுக்குதில்ல" என்று மட்டும் சொன்னால் உத்தியோகத்தருக்கும் விளங்காது, எங்களுக்கும் விளங்காது. அந்தப் படத்தைப் பார்த்தால் எந்தக் கூடு, என்ன காரணம் என்று உடனே சொல்லிவிடலாம்.